பொருநை தந்த மின்னும் வீட்டுக் காவலும்

பொதிகையிற் பிறக்கும் பொருநை நெடுங்காலம் நெல்லைச் சீமைக்கு நெல்லை வழங்கிற்று. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையத்தின் வாயிலாக மின்சாரத்தையும் வழங்கத் தொடங்கிற்று. விளக்கைத் தொடர்ந்து இஸ்திரிப் பெட்டியும், குளிர்நாடுகளில் மின்போர்வையும் இல்லம் புகுந்தன. இவற்றில் எழும் வெப்பத்தின் கணக்கை ஜூல் 1841-இல் வெளியிட்டார்: மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும். ஆதலின் மிகையான ஓட்டம் தீயை மூட்டவல்லது.

வெள்ளம் மிகின் அணைக்கு மதகு. மின்னோட்டம் மிகின் இல்லத்திற்கு உருகுகம்பி. அது தான் உருகி வீட்டைக் காக்கும். அதற்கு மாற்றாகத் தடித்த செப்புக் கம்பியைக் கட்டுவோர் காவலனையே நீக்குவோர் ஆவர்.

மாணவர்களே! மின்பணியாளரைக் கொண்டு உரிய அளவுக் கம்பியையே இடச் செய்யுங்கள். மின்போர்வையை மடித்து இயக்காதீர்கள். அடைபட்ட வெப்பம் துணியை எரிக்கும். ஆற்றலை ஆக்கித் தந்தோர் பலர். அதனை அடக்கியாள்வது நம் கடன்.