சங்கம்னா போராட்டம் மட்டும்தானா? பிரிட்டனில் தொழிலாளர்களைப் படிக்க வைக்கும் தொழிற்சங்கங்கள்!

தொழிற்சங்கம் என்றாலே சம்பளப் பேச்சுவார்த்தை, போனஸ், வேலைநிறுத்தம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பிரிட்டனில், தொழிலாளர்களை மீண்டும் படிக்க வைக்கும் வேலையையும் சங்கங்கள் செய்கின்றன. இதற்கென்றே பல பணியிடங்களில் 'சங்கக் கற்றல் பிரதிநிதி' ஒருவர் இருக்கிறார்.

யார் இவர்?

அதிகாரி கிடையாது, கூட வேலை பார்க்கும் தொழிலாளிதான். யாருக்கு என்ன பயிற்சி தேவை என்று கண்டறிவது, வகுப்புக்கு ஏற்பாடு செய்வது, அதுபற்றி நிர்வாகத்திடம் பேசுவது இவரது பணி. 2002-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இவருக்கு உரிமை தந்தது. 2003 ஏப்ரல் முதல், சம்பளப் பிடித்தம் இல்லாமல் வேலை நேரத்திலேயே இதைச் செய்யலாம். ஆனால் அது நிர்வாகம் அங்கீகரித்த சங்கமாக இருக்க வேண்டும், அவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

கம்பெனியே சொல்லித் தரலாமே, சங்கம் எதுக்கு?

விஷயமே இங்கேதான் இருக்கு. 45 வயது தொழிலாளி ஒருவருக்கு சரளமாகப் படிக்க வராது என்று வைத்துக்கொள்வோம். 'கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டேன்' என்று பல வருஷமாகச் சமாளித்து வந்திருப்பார். இதை மேனேஜரிடம் சொல்வாரா? வேலைக்கே ஆபத்து வந்துடுமோ என்று பயப்படுவார். ஆனால் தினமும் கூட டீ குடிக்கும் ஆளிடம் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, கம்பெனி பெரும்பாலும் அதன் வேலைக்குத் தேவையானதைத்தான் கற்றுத்தரும். சங்கமோ எழுத்து, கணக்கு, கம்ப்யூட்டர் என வெளியிலும் செல்லுபடியாகும் சான்றிதழைக் கேட்கும். நாளைக்கே ஆலையை மூடினாலும் அது தொழிலாளி கையில் இருக்கும். நிர்வாகத்துக்கும் லாபம்தான். பாதுகாப்பு அறிவிப்பைப் படிக்கத் தெரியாத ஊழியரால் யாருக்கு நன்மை?

பணம் யார் கொடுத்தது?

1998-ல் அரசு 'சங்கக் கற்றல் நிதி'யைத் தொடங்கியது. பின்னாளில் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஆனால் 2021 மார்ச்சுடன் இங்கிலாந்தில் இது நிறுத்தப்பட்டது. சங்கம் இருக்கும் இடங்களுக்கு மட்டும் போகாமல், பணம் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பது அரசின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் சங்கத்தில் சேராதவர்களும் இந்த வகுப்புகளில் படித்தார்கள் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை.

வேல்ஸ் அரசு அப்போது தன் நிதியை நிறுத்தவில்லை. இங்கிலாந்தில் பிரதிநிதிகளின் சட்ட உரிமை அப்படியே இருக்கிறது. வகுப்புக்கான செலவுக்குத்தான் சங்கமும் நிர்வாகமும் வேறு வழி தேட வேண்டியதாகிவிட்டது.