இராமகதைக்கு முடிவு எது?

கதையைக் கேட்டு மகிழ்வதோடு மாந்தர் நின்றுவிடுவதில்லை. இன்னார் செய்தது தகுமா, கதை இவ்விடத்தில் முடிந்தது முறையா என்று வழக்காடுவதும் சுவையின் ஒரு பகுதியே. திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் பற்றி நம் இளைஞர்கள் ஓயாது வாதிடுவதைக் கண்டு, "வீண் பேச்சு" என்று முகம் சுளிக்கும் பெரியோர் நம் குடியிருப்பில் உண்டு. ஆயினும், நேயர்களின் வழக்கொன்று நகரங்களின் தெருக்களை நிலைகுலைத்து அரசினரையே இணங்கச் செய்த வரலாறு, நாம் குடியேறி வாழும் இவ்வடபுலத்திலே நிகழ்ந்தது. அதனை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்வது பயனுடைத்து என்று கருதுகிறோம்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் வந்தன. 1984 ஜூலை 7-இல் தொடங்கிய 'ஹம் லோக்' என்னும் தொடரில், ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி நேயர்களோடு உரையாடினார். நேயர்களும் கடிதங்களை மலைபோல் குவித்தனர். கதை தங்களுடையது, அதைப் பற்றிக் கருத்துரைக்கும் உரிமையும் தங்களுக்கு உண்டு என்னும் எண்ணம் அப்பொழுதே வேர்கொண்டுவிட்டது.

1987 ஜனவரி 25-இல் இராமானந்த சாகரின் 'இராமாயண்' தொடங்கியது. ஞாயிறுதோறும் காலை ஒன்பதரை மணிக்குக் கடைவீதிகள் வெறிச்சோடின. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டி ஊதுவத்தி ஏற்றிய வீடுகள் பல. பயணிகள் பார்த்து முடிக்கும்வரை சில நிலையங்களில் இரயில்வண்டிகள் காத்து நின்றன என்றும் அந்நாளில் செய்தி வந்தது. நம்மவர் குடியிருப்புகளிலோ பெட்டி இருந்த வீடுகள் சிலவே. அவ்வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து ஊரே அமர்ந்தது.

பார்த்து முடித்ததும் வழக்குத் தொடங்கும். தொடரின் ஆதார நூல்களாக வால்மீகி, துளசிதாசர் முதலியோரின் நூல்களோடு கம்பர் காவியமும் குறிக்கப்பட்டிருந்ததில் நமக்குப் பெருமை உண்டு. எனினும் நம் பாட்டிமார் எளிதில் நிறைவடையவில்லை. இராவணன் சீதையைத் தீண்டாமல், பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுத்தான் என்பதே கம்பர் காட்டிய காட்சி. துளசிதாசர் வழியில் வந்த அண்டைவீட்டாரோ, இராவணன் கொண்டு சென்றது மாயா சீதையையே என்றனர். தொடரும் தீப்புகும் காட்சியில் அம்மாயா சீதை வழக்கையே மேற்கொண்டது. ஒரே கதைக்கு இத்தனை முகங்கள் உள என்பதைப் பல குழந்தைகள் முதன்முதல் அறிந்தது இவ்வாதங்களால்தான்.

பெரிய வழக்கு இறுதியில் மூண்டது. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் 78 பகுதிகளாக நீண்டு, 1988 ஜூலை 31-இல் பட்டாபிடேகத்தோடு நிறைவெய்தியது. நமக்கு இதில் குறையொன்றும் தோன்றவில்லை. கம்பர் முடிசூட்டு விழாவோடு காவியத்தை முடித்தார். தமிழில் உள்ள உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குவது. இராஜாஜியும் 'சக்கரவர்த்தித் திருமக'னை முடிசூட்டலோடு நிறுத்தினார். உத்தர காண்டம் பிற்சேர்க்கை என்று கருதும் அறிஞரும் பலர்.

ஆனால் பஞ்சாபின் ஜலந்தர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்க்கு அது முடிவாகத் தோன்றவில்லை. அவர்களுள் பலர் வால்மீகி முனிவரைத் தங்கள் குருவாகப் போற்றும் சமூகத்தினர். அம்முனிவர் கதைக்குள் தாமே வந்து, கைவிடப்பட்ட சீதைக்கு அடைக்கலம் அளித்து, லவனையும் குசனையும் வளர்த்துக் காவியத்தைக் கற்பிப்பது உத்தர காண்டத்திலேதான். அப்பகுதியையும் காட்ட வேண்டுமென்று கோரி 1988-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தெருக்களில் குப்பை குவிந்தது. கிளர்ச்சி வேறு வடஇந்திய நகரங்களுக்கும் பரவிற்று. அரசு இணங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் இராமகதையின் பிற்பகுதி ஒளிபரப்பாகத் தொடங்கியது.

வேலைநிறுத்தத்திற்குப் பணிந்து கதையை நீட்டுவது முறையா என்று கேட்போர் கேட்கலாம். வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் 1989-இல் எழுதிய கட்டுரையொன்றில் வேறோர் அச்சத்தை வெளியிட்டார். அரசின் ஒளிபரப்பு ஒரு வடிவத்தையே நாடெங்கும் நிறுவினால், பலவாகிய இராமகதைகள் மங்கிவிடும் என்பது அவர் கவலை. இரண்டும் எண்ணத்தக்கவையே. எனினும் ஒன்று கூறுவோம். நமக்கு உத்தர காண்டம் நூலாராய்ச்சி பற்றிய வினா. அவர்களுக்கோ, நாடே கூடிக் கேட்ட கதையில் தங்களுக்கும் ஓர் இடம் உண்டா என்னும் வினா. ஒரே கதையைப் பற்றிய இரு வழக்குகளும் ஒரே எடையுடையன அல்ல.

இதை எழுதும்போது ஒரு காட்சி நம் நெஞ்சை உறுத்துகிறது. அந்நாளில் கூடத்துச் சன்னலுக்கு வெளியே, விளக்குமாற்றைச் சுவரில் சார்த்திவிட்டு, நம் தெருவைப் பெருக்குபவரும் நின்று இராமாயணம் பார்த்தார். உள்ளே இடம் இருந்தது. அவரை அழைத்து அமரச் செய்தோமா? இல்லை. கம்பர் பெரியவரா, துளசிதாசர் பெரியவரா என்று உள்ளே வழக்காடிய நாம், வெளியே நின்றவர்க்கும் ஒரு கருத்து உண்டென எண்ணவும் இல்லை.

2020 மார்ச் 28 முதல், பெருந்தொற்று ஊரடங்கின்போது, அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. தெருக்கள் மறுபடியும் வெறிச்சோடின, இம்முறை நோயச்சத்தால். நாம் கதவடைத்து உள்ளிருந்து இராமகதை கண்ட அந்நாட்களிலும், விடியற்காலையில் தெருவில் இறங்கிப் பணியாற்றியவர் துப்புரவுத் தொழிலாளரே.

ஆகவே அன்பர்களே, நம் பிள்ளைகள் படங்களையும் தொடர்களையும் பற்றி வழக்காடட்டும். அதைத் தடுக்க வேண்டுவதில்லை. கூடத்தில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள், யார் சன்னலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று ஒருமுறை நோக்கவும் அவர்களுக்குக் கற்பிப்போம். நம் சங்கத்தின் கூடத்திற்கும் இது பொருந்தும்.