கப்பும் டம்ளரும்

சிறு வயதில் நான் வாங்கிய பரிசுகளில் இரண்டு மட்டும் வீட்டில் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று, ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்குக் கிடைத்த கப்பு. மற்றது, அதற்கு முந்தைய வருடம் பொங்கலன்று தெருவில் நடந்த சாக்கு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததற்குக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர். கப்பு ஷோகேஸுக்குப் போனது. டம்ளர் சமையலறைக்குப் போனது. நாற்பது வருடம் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்தவற்றை அண்மையில் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது ஒரே மேசையில் வைக்க நேர்ந்தது. எது பெரிய பரிசு என்று எடைபோடத்தான் முதலில் தோன்றியது. பார்த்துக்கொண்டே இருந்ததில், இவை இரண்டுக்கும் என்ன உறவு என்ற கேள்விதான் அதைவிடச் சுவையாக இருந்தது.

வேறுபாடு, பரிசைக் கொடுக்கும் முறையிலேயே தொடங்கிவிடுகிறது. கப்பு மேடையில் வழங்கப்படும். அதற்குச் சிறப்பு விருந்தினர் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும். கப்பின் ஒரு காதை விருந்தினரும் மறு காதைப் பிள்ளையும் பிடித்தபடி புகைப்படக்காரர் போதும் என்னும் வரை அசையாமல் நிற்க வேண்டும். டம்ளருக்கு இத்தனை சடங்கு கிடையாது. மன்றத்து அண்ணன் ஒருவர் அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டு, சோப்பு டப்பா, சீப்பு, கிண்ணம் என்று துழாவி, மூன்றாம் பரிசு எது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு எடுத்துத் தருவார். கப்பு வாங்கிய நிமிடத்துக்குப் புகைப்படம் சாட்சி. டம்ளர் வாங்கிய நிமிடத்துக்குச் சாக்கோடு விழுந்ததில் முழங்காலில் ஏற்பட்ட தழும்பு சாட்சி.

பயனைப் பொறுத்தவரை இரண்டும் நேர் எதிர். கப்புக்கு இரண்டு காதுகள் உண்டு. ஆனால் அதில் யாரும் எதையும் குடித்ததில்லை. டம்ளருக்குப் பிடிக்க ஒரு காதுகூட இல்லை. காப்பியும் மோரும் கஞ்சியுமாக அதில் எத்தனை ஆயிரம் முறை குடித்திருப்போமோ தெரியாது. பார்ப்பதற்கென்று ஒன்று, புழங்குவதற்கென்று ஒன்று. ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும் போலத் தோன்றுகிறது. ஆனால் பரிசுப் பொருள்களின் வரலாற்றில் சற்றே பின்னோக்கிப் போனால் இந்த எதிர்நிலை ஆட்டம் கண்டுவிடுகிறது.

ஹோமரின் இலியத் காவியத்தில் 23ஆம் பகுதி, தன் நண்பன் பத்ரோக்ளஸின் ஈமச்சடங்கை ஒட்டி வீரன் அகிலிஸ் நடத்தும் போட்டிகளை விரிவாகச் சொல்கிறது. தேரோட்டத்துக்கு அங்கே வைக்கப்பட்ட மூன்றாம் பரிசு, இன்னும் அடுப்பேறாத புதுக் கொப்பரை. எங்கள் தெருவிலும் மூன்றாம் பரிசு புதுப் பாத்திரம்தான். குத்துச்சண்டையில் வென்றவனுக்குக் கோவேறு கழுதை; தோற்றவனுக்கு இரண்டு காதுகள் கொண்ட குடிகலம். இன்று வெற்றியின் சின்னமாக நிமிர்ந்து நிற்கும் இரட்டைக் காதுக் கப்பு, அந்தக் களத்தில் ஆறுதல் பரிசு! தேரோட்டத்தில் எஞ்சிப்போன ஐந்தாம் பரிசும் இரட்டைக் காதுப் பாத்திரமே. அதை அகிலிஸ் போட்டியிலேயே இறங்காத முதியவர் நெஸ்டரிடம் கொண்டுபோய், இந்த நாளின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்கிறான். கலந்துகொண்ட பிள்ளைகளுக்கெல்லாம் பரிசு தருவது சரியா என்று இன்றைக்கு வாதிடுகிறவர்கள் அகிலிஸை என்ன சொல்வார்களோ.

ஏதென்ஸ் நகரத்தின் பனதெனாயிக் விழா இன்னும் வியப்பூட்டுவது. அங்கே ஓட்டத்திலும் மல்யுத்தத்திலும் தேரிலும் வென்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெயைப் பெரிய மண்சாடிகளில் நிரப்பித் தந்தார்கள். ஒரு சாடிக்குச் சுமார் 40 லிட்டர் பிடிக்கும். சாடியின் ஒரு பக்கம் அதீனா தெய்வம், மறுபக்கம் வென்ற விளையாட்டின் சித்திரம். எண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் விற்பனைக்கும் ஆனது, சாடி நினைவுக்கு. தன் சாடியோடு கல்லறைக்குப் போன வீரர்களும் உண்டு. அதாவது என் ஷோகேஸும் என் சமையலறையும் அன்று ஒரே மண்பாண்டத்துக்குள் இருந்திருக்கின்றன. பிற்காலத்தில்தான் நினைவு ஒரு பக்கமும் எண்ணெய் ஒரு பக்கமும் பிரிந்தன. அந்தப் பிரிவு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அமெரிக்கக் கோப்பை ஒன்று போதும். 1851 முதல் பாய்மரப் படகுகள் போட்டியிடும் அந்த வெள்ளிக் கூஜாவுக்கு அடிப்பாகமே கிடையாது. ஊற்றினால் தரையில்தான் போகும். பாத்திரம் என்ற வேலையைக் கப்பு அங்கே அடியோடு மறந்துவிட்டது.

பொறித்திருக்கும் எழுத்துக்கு வருவோம். பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம் ஊரில் தனித்தொழில். சிற்றுளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாக எழுத்தைத் தட்டி எடுப்பார்கள். பிறகு மின்சாரக் கருவி வந்தது. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் என் டம்ளரின் விளிம்பில் பொங்கல் விழா என்பது பொ.வி. என்று குறுகியும், அன்பளிப்பாகத் தந்த மளிகைக் கடைக்காரரின் பெயர் ஓர் எழுத்தும் குறையாமலும் இருக்கிறது. என் பெயர் இல்லை. கப்பிலாவது இருக்கும் என்று திருப்பிப் பார்த்தேன். பள்ளியின் பெயர், ஆண்டு, போட்டியின் பெயர், முதல் பரிசு என்ற இரண்டு சொற்கள், அவ்வளவுதான். கொடுத்தவர் இரண்டிலும் இருக்கிறார், வாங்கியவன் இரண்டிலும் இல்லை. பனதெனாயிக் சாடிகளிலும் இதே கதைதான். ஏதென்ஸ் போட்டிகளில் கிடைத்தது என்று எழுதியிருக்கும். வென்றவன் யார் என்று சாடி சொல்லாது. மேடையேற்றிய கப்பும் அட்டைப் பெட்டியிலிருந்து வந்த டம்ளரும் இந்த மறதியில் மட்டும் உடன்பிறப்புகள்.

உலோகத்திலும் இப்படி ஓர் உறவு ஒளிந்திருக்கிறது. கப்பு வெள்ளியைப் போல மின்னினாலும் உள்ளே இருப்பது வேறு. மேலே இருப்பது முலாம். காற்றில் உள்ள கந்தகம் பட்டு அது கறுக்கும். கறுப்பைப் போக்கத் திருநீறு வைத்துத் தேய்த்தால் கறுப்போடு முலாமும் போகும். கப்பை எவ்வளவு ஆசையாகத் துடைக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அது வெளுக்கிறது. டம்ளரோ சாம்பல், தேங்காய் நார், சபீனா என்று தலைமுறைத் தேய்ப்புகளைக் கண்டும் பளபளக்கிறது. ஷெபீல்டு நகரத்தில் 1913இல் ஹாரி பிரியர்லி உருக்கிய துருப்பிடிக்காத உருக்கின் வழியில் வந்தது அது. நல்ல எவர்சில்வரில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை மேலே போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தால் படலம் தானே மீண்டும் படிந்துவிடுகிறது. ஆக, மெல்லிய மேற்போர்வை இரண்டுக்கும் உண்டு. கப்புக்கு அதைப் பட்டறையில் பூசினார்கள். டம்ளர் அன்றாடம் தானே நெய்துகொள்கிறது.

சிறு வயதுப் பரிசு என்றதும் தமிழில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவள் மாதவி. ஏனோ வருவதில்லை. ஐந்து வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். இன்றைய கணக்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்கும் பரிசு இரண்டு வகையாகவே வந்தது. ஒன்று, தலைக்கோலி என்ற பட்டம். தோற்ற பகைவேந்தனின் வெண்குடைக் காம்பில் மணிகள் பதித்துப் பொன் போர்த்திச் செய்த தலைக்கோல், அரண்மனையில் வழிபாடு பெறுவது. பட்டத்து யானையோடும் முரசோடும் உலா வந்து அரங்கில் வைக்கப்படுவது. தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி பீரோவில் இருந்து ஆண்டு விழாவன்று மட்டும் வெளியே வரும் சுழற்கோப்பையை இதைவிடப் பொருத்தமாக எதனோடு ஒப்பிடுவது? மற்றொன்று மன்னன் அளித்த மாலை. மதிப்பு 1008 கழஞ்சுப் பொன். புழங்கக்கூடிய பரிசு, விற்கக்கூடிய பரிசு. அதைத்தான் மாதவிக்காகக் கூனி ஒருத்தி தெருவுக்கு எடுத்துச் சென்று நின்றாள், காப்பிய நாயகன் கோவலன் வாங்கினான். பட்டத்தால் ஒரு கேடும் வரவில்லை. காப்பியத்தின் துயரமெல்லாம் விலைபோன பரிசிலிருந்து புறப்பட்டது.

விலை என்று வரும்போது கப்பு பாவம். பழைய எவர்சில்வரைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுப் புதிது வாங்கலாம். முலாம் பூசிய கப்பை, பீடத்தில் ஒட்டிய பளிங்குக் கல்லோடு எந்தத் தராசும் ஏற்காது. ஆனால் காணாமல் போவதில் இரண்டும் சமம். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பை 1895இல் பர்மிங்காமில் ஒரு கடைக் கண்ணாடிக்குள்ளிருந்து திருடு போனது. உலகக் கால்பந்தின் ஜூல் ரிமே கோப்பை 1966இல் லண்டனில் தொலைந்து, பிக்கிள்ஸ் என்ற நாய் மோப்பம் பிடித்ததால் கிடைத்தது. 1983இல் ரியோவில் மறுபடி போனது வரவே இல்லை. டம்ளர் திருட்டுக்கு இத்தனை புகழ் வாராது. பாயசம் ஊற்றிக் கொடுத்தனுப்பிய வீட்டிலேயே அது தங்கிவிடும். கேட்பதற்குக் கூச்சம். பேர் வெட்டும் தொழில் வளர்ந்ததே இந்தக் கூச்சத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் கையில் எடுக்கும்போது வரும் ஏக்கம் ஒன்றல்ல. கப்பு என்னை நேராக மேடைக்குக் கொண்டுபோகிறது: நாக்கு வறண்டது, மூன்றாம் வரிசையில் அப்பா நின்று கைதட்டியது, இரண்டாம் பரிசு வாங்கிய தோழி என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் கப்புக்குத் தெரியாது. டம்ளரை எடுத்தால் சாக்கு ஓட்டம் கொஞ்சம்கூட வருவதில்லை. பாட்டி கடைசி மாதங்களில் அதில்தான் கஞ்சி குடித்தாள், வேறு டம்ளரில் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்பதுதான் வருகிறது. பரிசு என்ற வகையில் கப்பே தன் கடமையைச் செய்திருக்கிறது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனக்கு டம்ளர்மேல் பிரியம் அதிகம். ஆனால் அது வெற்றியின்மேல் உள்ள பிரியம் அல்ல.

வீடு ஒழுங்கான பிறகு இரண்டும் இடம் மாறியிருந்தன. கப்பை அம்மா தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தானும் ஊக்கும் போட்டு வைத்திருக்கிறாள். டம்ளரை யாரும் எடுக்காதபடி சாமி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். நீங்களும் பழைய பாத்திரங்களை எடைக்குப் போடப் போவதாக இருந்தால், மூட்டையைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு டம்ளரின் விளிம்பையும் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.