விடுபட்ட ஒரு வரி: சுட்டுக் கசிவின் வரலாறு

2001 ஜூலை 20 அன்று, ரிச்சர்டு ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பின்னர் கேரளத்தின் அரசுப் பள்ளிக் கணினிக் கல்வியும் லினக்ஸை ஏற்றது. அவ்வுரிமையின் பயனையும் எல்லையையும் அறிய, இயங்குதளத்தின் ஒரு சிறு பிழையை ஆராய்ந்தால் போதும்.

வட்டை மீண்டும் மீண்டும் நாடாதிருக்க, கெர்னல் கோப்பின் பக்கங்களையும் விவரங்களையும் நினைவகத்தில் தேக்கிவைக்கிறது. அவற்றைப் பற்றும் ஒவ்வொரு நிரற்பகுதியும் ஓர் எண்ணியில் ஒன்றைக் கூட்டும். பணி முடிந்ததும் ஒன்றைக் குறைக்கும். பயன்படுத்துவோர் எவருமில்லை என்று எண்ணி காட்டினால்தான் அந்த இடத்தை விடுவிக்கலாம். இம்முறையை 1960-இல் பட்டியல் கட்டமைப்புகளுக்காக முன்வைத்தவர் ஜார்ஜ் காலின்ஸ்.

கூட்டியதைக் குறைக்க மறப்பதே சுட்டுக் கசிவு. நூல் திரும்பி வந்தும் இரவல் பதிவேட்டில் வரவு வைக்கப்படாத நிலைக்கு அதனை ஒப்பிடலாம். இப்பிழை பெரும்பாலும் நேர்வழியில் நேர்வதில்லை. நினைவகம் போதாமலோ வட்டு பழுதுற்றோ பணி பாதியில் திரும்பும் கிளைவழியில்தான் குறைக்கும் வரி விடுபடுகிறது. அவ்வழி அரிதாகவே இயங்குவதால் சோதனைகளுக்கும் எளிதில் அகப்படாது. விளைவாக நினைவகம் மீளாது. கோப்பு முறைமையை இணைப்பு நீக்குவதும் தடைபடும். இணைப்பு நீங்கிய பின்னும் கோப்புகள் பற்றப்பட்டிருந்தால், ஐந்து நொடிகளில் தன்னழிவு என்னும் கேலி எச்சரிக்கையை லினக்ஸ் நெடுங்காலம் வெளியிட்டுவந்தது.

கேலிக்கு அப்பாற்பட்ட ஆபத்து 2016 ஜனவரியில் வெளிப்பட்டது. கெர்னலில் சாவிகளைப் பேணும் பகுதியில் இத்தகைய கசிவொன்று 2012 முதல் இருந்துவந்தது. அதனை மீண்டும் மீண்டும் தூண்டினால், 32 பிட் எண்ணி ஏறத்தாழ 429 கோடியைக் கடந்து சுழியத்துக்குத் திரும்பும். பயன்பாட்டிலுள்ள இடம் விடுவிக்கப்படும்; சாதாரணப் பயனர் முழு ஆட்சியையும் கைப்பற்ற வழி பிறக்கும். திருத்தமோ, விடுபட்ட குறைப்பை உரிய இடத்தில் சேர்ப்பதே. 2017-இல் லினக்ஸ் 4.11, உச்சத்தை எட்டினால் சுழியத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நிற்கும் புதிய எண்ணியைக் கொண்டுவந்தது. கசிவை அது தடுக்காது. கசிவு கொலைக்கருவியாவதைத் தடுக்கும்.

எவரும் படிக்கக்கூடிய நிரலில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அப்பிழை மறைந்திருந்தது. திருவனந்தபுரத்தில் முழங்கிய உரிமை படிப்பதற்கு வாயிலைத் திறந்தது. உள்ளே சென்று கிளைவழிகளையும் வரி வரியாகப் படிப்போர் இல்லையெனில் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும். நம் கணினியியல் துறைகள் நிரல் எழுதக் கற்பிக்கும் அளவுக்கு, பிறர் நிரலைப் படிக்கவும் கற்பிக்கின்றனவா?