கற்பனை உலகங்களின் மொழிகளும் உயிரினங்களும்

இல்லாத ஓர் உலகத்தைக் கதையில் படைப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன? அவை என்ன மொழி பேசுகின்றன? நெடுங்காலம் இவை தனித்தனி வேலைகளாகவே நடந்தன. உருவங்களை ஓவியரும் சிற்பியும் பார்த்துக்கொண்டார்கள். மொழிக்கோ, புரியாத நாலு சொல்லைப் பாத்திரத்தின் வாயில் போட்டால் போதும் என்று பெரும்பாலான கதாசிரியர்கள் இருந்தார்கள். எந்த உடல் பேசுகிறது, அந்த உடலில் எந்த ஒலி பிறக்கும் என்று இரண்டையும் சேர்த்து யோசிக்கும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. இந்தக் கலையின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி அதுதான்.

உயிரினப் படைப்பின் பழைய வழி ஒட்டுவேலை. கிரேக்கர்களின் கிரிஃபினுக்குக் கழுகுத் தலை, சிங்க உடல். அவர்களுடைய கைமெராவில் சிங்கமும் ஆடும் பாம்பும் ஒன்றாகக் கலந்திருக்கும். தமிழகக் கோயில் தூண்களில் தாவி நிற்கும் யாளியும் இந்த வகைதான். சிங்க உடலோடு சில யாளிகளுக்கு யானைத் துதிக்கையும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவின் விலங்கு நூல்களில் யானையும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும். அவை மிரட்டவோ காக்கவோ பாடம் சொல்லவோ படைக்கப்பட்டவை. அவற்றின் எலும்புகள் எப்படிப் பொருந்தும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மொழி உருவாக்கத்தில் எழுத்துவடிவில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் ஆக்கிய ‘லிங்குவா இக்னோட்டா’. கடவுளில் தொடங்கி மனித உறுப்புகள், மரங்கள், பறவைகள், பூச்சிகள் என இறங்கிவரும் ஆயிரத்துச் சொச்சம் சொற்களும், 23 எழுத்துகளும் அதில் உள்ளன. அது எந்தக் கதை உலகத்துக்காகவும் எழுதப்பட்டதல்ல. கதை உலகத்துக்கென்று ஒரு மொழி வந்தது 1516-இல் வெளியான தாமஸ் மோரின் ‘உட்டோப்பியா’வில். அதில் அந்நாட்டு எழுத்துகளின் பட்டியலும் நான்கு வரிப் பாட்டும் அச்சிடப்பட்டிருந்தன. 1638-இல் வெளிவந்த பிரான்சிஸ் காட்வினின் நிலவுப் பயணக் கதையில் நிலாவாசிகள் இசைச் சுரங்களால் பேசிக்கொள்கிறார்கள்.

உடலோடு மொழியைச் சேர்த்து யோசித்த முன்னோடி ஜோனதன் ஸ்விஃப்ட். ‘கலிவரின் பயணங்கள்’ (1726) நூலில் வரும் அறிவுள்ள குதிரைகளின் இனப்பெயர் கனைப்பொலி போலவே அமைந்தது. ஆங்கில வாசகர்கள் அதை உச்சரிக்கத் திணற வேண்டும் என்றே அவர் எழுதியிருக்க வேண்டும். அந்தக் குதிரைகள் பொய் சொல்லி அறியாதவை. ஆகவே அவற்றின் மொழியில் பொய்க்குச் சொல்லே இல்லை. இல்லாத ஒன்றைச் சொல்வது என்று சுற்றி வளைத்துத்தான் குறிப்பிடுகின்றன.

இந்தத் துறையைத் தலைகீழாகப் புரட்டியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973). மற்றவர்கள் கதை எழுதிவிட்டு அதற்கேற்ப மொழி தேடினார்கள். டோல்கீன் மொழிகளை முதலில் ஆக்கிவிட்டு, அவற்றைப் பேச மக்கள் வேண்டுமே என்று கதைக்குப் போனார். சிறுவயதில் பர்மிங்காமில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடிய நிலக்கரி ரயில் பெட்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் ஊர்ப்பெயர்கள் அவரைக் கட்டிப்போட்டன. ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது கல்லூரி நூலகத்தில் ஃபின்னிஷ் இலக்கண நூல் ஒன்று கையில் கிடைத்தது. அந்த இரண்டு மயக்கங்களும் அவருடைய எல்ஃப் இனத்தவரின் இரு பெருமொழிகளாயின. குவென்யாவில் ஃபின்னிஷின் சாயல், சிந்தாரினில் வெல்ஷின் சாயல்.

இரண்டு மொழிகளையும் தனித்தனியே புனைந்திருந்தாலே பெரிய காரியம். டோல்கீன் இரண்டுக்கும் ஒரு தாய்மொழியை ஆக்கி, அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் எப்படிப் பிரிந்தது என்று ஒலிமாற்ற விதிகளையும் வகுத்தார். மரத்துக்கான ஆதிச்சொல் ‘கலதா’. குவென்யாவில் முதலெழுத்தின் மெய்யும் நடு உயிரும் உதிர்ந்து அது ‘அல்டா’ ஆனது. சிந்தாரினில் கடைசி உயிர் உதிர்ந்து ‘கலத்’ ஆனது. தமிழின் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ என நிற்பதைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். உண்மையான மொழிக் குடும்பங்கள் நடந்துகொள்ளும் விதம் இதுதான். டோல்கீன் ஆக்ஸ்போர்டு அகராதியில் வேலை பார்த்தவர், பிறகு பழைய ஆங்கிலத்தின் பேராசிரியரானவர். ‘மோதிரங்களின் தலைவன்’ (1954–55) நாவலில் வரும் ஊர்ப்பெயர்களும் ஆள்பெயர்களும் ஏதோ ஒரு பழமையின் கனத்தோடு ஒலிப்பதற்குக் காரணம் இந்த உழைப்பு. அந்த நூலின் எந்தப் போர்க் காட்சியையும்விட இதையே அவருடைய பெரிய சாதனையாகச் சொல்லலாம்.

அவருடைய உயிரினங்களும் சொற்களோடு பிறந்தவை. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தில் காடு நகர்ந்து வரும் என்ற வாக்கு, வீரர்கள் கிளைகளைச் சுமந்து வருவதோடு முடிந்துவிடுகிறது. பள்ளிப் பருவத்தில் அது டோல்கீனுக்குப் பெரிய ஏமாற்றம். மரங்களே போருக்கு நடக்க வேண்டும் என்ற ஆசையிலிருந்து என்ட்கள் என்ற மர உயிர்கள் வந்தன. அவற்றின் பேச்சு மிக மெதுவானது; ஒரு பொருளின் பெயரிலேயே அதன் வரலாறு முழுவதும் அடங்கும். நூற்றாண்டுகள் வாழும் மரத்துக்கு அவசரம் ஏது? தீயவன் சவுரானுக்காக ஆக்கிய கறுப்பு மொழியை டோல்கீன் தாமே வெறுத்தார். அந்த மொழி பொறித்த கோப்பை ஒன்றை வாசகர் ஒருவர் அனுப்பியபோது, அதில் அவர் குடிக்கவே இல்லை. புகையிலைச் சாம்பல் தட்ட வைத்துக்கொண்டார்.

ஊர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய ‘எர்த்சீ’ நாவல்களில் இலக்கணப் பட்டியல் எதுவும் கிடையாது. ஆனாலும் அங்கே மொழிக்கும் உயிருக்கும் உள்ள உறவு ஆழமானது. படைப்பின் ஆதிமொழி டிராகன்களின் தாய்மொழி. மனிதர்கள் அதைப் பேசினால் உண்மையை மட்டுமே பேச முடியும். டிராகன்களால் அதிலேயே பொய்யும் சொல்ல முடியும்.

திரைப்படம் வந்தபின் மொழி காதில் விழ வேண்டியதாயிற்று. ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், வேற்றுலகப் பாத்திரமான சூபாக்காவின் குரலைக் கரடியின் உறுமலை முதன்மையாக வைத்து, வேறு விலங்குகளின் ஒலிகளையும் கலந்து உருவாக்கினார். அந்தப் பாத்திரத்தின் முகமூடியில் உதடுகள் அதிகம் அசையாது. கரடியின் ஒலியும் தொண்டையிலிருந்து எழுவது. இரண்டும் பொருந்திப்போயின.

‘ஸ்டார் ட்ரெக்’கின் கிளிங்கான் மொழிக்கு விதை போட்டவர் நடிகர் ஜேம்ஸ் டூஹன். 1979 படத்துக்காகச் சில வரிகளை அவர் ஆக்கினார். 1984-இல் அதை முழு மொழியாக்கியவர் மார்க் ஓக்ராண்ட். கலிபோர்னியப் பழங்குடி மொழியான முட்சுன் பற்றி ஆய்வு செய்த மொழியியலாளர் அவர். வேற்றுக்கோள் மொழி மனிதச் செவிக்கு விநோதமாக இருக்க, உலக மொழிகளில் மிக அரிதான செயப்படுபொருள்–வினை–எழுவாய் என்ற வரிசையைத் தேர்ந்தார். படப்பிடிப்பில் நடிகர்கள் தவறாக உச்சரித்த இடங்களைச் சில சமயம் இலக்கணமாகவே ஏற்றுக்கொண்டார். 1985-இல் அகராதி வந்தது. பிறகு ‘ஹாம்லெட்’ முழுவதும் அந்த மொழிக்குப் போனது. 2010-இல் ஹேக் நகரில் கிளிங்கான் இசை நாடகம் அரங்கேறியது.

உயிரினப் பக்கத்திலும் இதே காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. டூகல் டிக்ஸன் ‘மனிதனுக்குப் பின்’ (1981) நூலில், மனித இனம் அழிந்து 5 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு பூமியில் என்ன விலங்குகள் இருக்கும் என்று பரிணாம விதிகளை வைத்து வரைந்தார். முயலின் வழிவந்த இனம் மான்களின் இடத்தைப் பிடித்திருந்தது. வேய்ன் பார்லோ 1990-இல் கண்களே இல்லாத விலங்குகள் திரியும் ஒரு கோளை ஓவியங்களில் படைத்தார். ஒட்டுவேலையின் இடத்தில் உடற்கூறும் சூழலும் வந்து உட்கார்ந்தன.

இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடம் ஜேம்ஸ் கேமரூனின் ‘அவதார்’ (2009). படத்தின் உலகமான பண்டோராவின் பெரும்பாலான விலங்குகளுக்கு ஆறு கால்கள். அங்கு வாழும் நாவி மக்களுக்கோ இரண்டு கை, இரண்டு கால்தான். இந்த இடைவெளியை நிரப்ப, முழங்கை வரை ஒட்டிப்போன இரட்டைக் கைகளோடு ப்ரோலெமுரிஸ் என்ற மரவாழ் விலங்கை வடிவமைப்பாளர்கள் சேர்த்தார்கள். மொழியை ஆக்கிய பால் ஃப்ராமருக்குக் கேமரூன் கொடுத்தவை ஏறத்தாழ 30 சொற்கள். தொண்டையில் காற்றை அடைத்து வெடிப்பாக விடும் மெய்களை ஃப்ராமர் சேர்த்தார். வல்லினத்தின் அதிர்வொலிகளான b, d, g வகைகளை விலக்கினார். நாவிகளுக்குக் கைக்கு நான்கு விரல். அதனால் அவர்கள் எட்டெட்டாகத்தான் எண்ணுகிறார்கள்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்காக (2011) டேவிட் ஜே. பீட்டர்சன் டோத்ராக்கி மொழியை ஆக்கினார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களில் சிதறிக்கிடந்த சில சொற்களே அவருக்கு அடித்தளம். குதிரையேறி வாழும் மக்களின் மொழி என்பதால், இனத்தின் பெயரே சவாரி செய்வதற்கான வினையிலிருந்து வருகிறது. இந்தியத் திரையில் இத்தகைய முழு முயற்சி ராஜமௌலியின் ‘பாகுபலி’ (2015). அதில் வரும் காலகேயர் இனத்தவர் பேசும் கிளிக்கி மொழியை உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் இருந்த காலத்தில் குழந்தைகளோடு விளையாட அவர் ஆக்கிய சிறுமொழி அதன் வித்து. படத்துக்காக அது ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக வளர்ந்தது. ‘மின்’ என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டால் ‘நிம்’, அதாவது நீ. காலகேயர் தலைவன் போர்க்களத்தில் முழங்கும்போது மொழிபெயர்ப்பு இல்லாமலே மிரட்டல் புரிகிறது. பின்னர் கிளிக்கிக்குத் தனி எழுத்துமுறையும் வந்தது.

டெட் சியாங் 1998-இல் எழுதி, 2016-இல் ‘அரைவல்’ என்ற படமான கதை இந்த இணைப்பை இன்னும் தூரம் கொண்டுபோனது. அதன் வேற்றுக்கோள் உயிர்களுக்கு ஏழு கால்கள். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலிருக்கும் உடலுக்கு முன்புறம் பின்புறம் இல்லை. அவற்றின் எழுத்துக்கும் தொடக்கமோ முடிவோ கிடையாது.

2022-இல் வந்த ‘அவதார்’ இரண்டாம் பாகத்தில் கடலோர நாவிகளுக்கு அகன்ற கைகளும் தடித்த வாலும் அமைந்தன. நீருக்கடியில் வாய்மொழி உதவாது. ஆகவே காது கேளாத நடிகர் சி. ஜே. ஜோன்ஸ் அவர்களுக்கென ஒரு சைகை மொழியை உருவாக்கினார். படத்தில் அதைக் கொண்டுதான் அவர்கள் கடலடியில் பேசிக்கொள்கிறார்கள்.