காப்புரிமை எதற்குச் சான்று? ஓசோன் குழாயும் விசைப்பலகையும் பற்றிச் சில குறிப்புகள்

அறிவியல் வரலாறு பயிலும் மாணவர்களிடையே அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. "இக்கருவிக்குக் காப்புரிமை கிடைத்துள்ளது, ஆகவே இது வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளலாமா?" கேட்பதற்கு எளிய வினா. ஆனால் காப்புரிமை ஆவணங்களை வரலாற்று மூலங்களாகக் கையாள்வோர் முதலில் கடக்கவேண்டிய கண்ணி இதுவே. இப்பதிவில் இரு கருவிகளின் வழியாக அவ்வினாவை அணுக விரும்புகிறேன். ஒன்று ஓசோன் உண்டாக்கி. மற்றொன்று கணினிக்குள் எழுத்தைச் செலுத்தும் விசைப்பலகை. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வாய்ப்பளிக்கும் ஊர் திருவனந்தபுரத்தின் வடபுறத்திலுள்ள கழக்கூட்டம்.

திருவிதாங்கூர் வரலாறு படித்தோருக்குக் கழக்கூட்டம் என்றதும் எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளை நினைவுக்கு வருவார். இன்றைய தலைமுறைக்கோ அவ்வூர் டெக்னோபார்க்கின் ஊர். 1990-இல் கேரள அரசு அங்கு நிறுவிய அத்தொழில்நுட்பப் பூங்காவில் பல்லாயிரவர் நாள்தோறும் விசைப்பலகையின்மீது விரல் வைத்துப் பிழைக்கின்றனர். அங்கிருந்து கடற்கரை நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி புறப்பட்ட மீனவச் சிற்றூர் அது. காந்த நடுவரை அவ்வூருக்கு அருகே செல்வதால் தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தளத்திலிருந்து, பிற்காலத்தில் மேல்வளி ஓசோனை அளக்கும் கருவிகளும் ஏவப்பட்டன. இந்திய ஓசோன் ஆய்வின் முன்னோடியான கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் பாலக்காட்டுத் தமிழர். தம் பணிவாழ்வின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்து அறிவியல் கல்லூரியில் பணியாற்றியவர். பின்னர் அகமதாபாத்து இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர். வானத்து ஓசோனை அளந்த அம்மரபு காப்புரிமைகளை நாடவில்லை, ஆய்விதழ்களையே நாடியது. தரையில் ஓசோனை உண்டாக்கிய மரபோ வேறு வழியில் சென்றது.

ஓசோனுக்குப் பெயரிட்டவர் பாசல் நகரத்து வேதியியலார் கிறிஸ்டியன் சோன்பைன். மின்பகுப்பின்போது எழுந்த ஒரு நெடியைத் தனிப்பொருளாக இனங்கண்டு, 'மணத்தல்' எனும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840-இல் அப்பெயரை அமைத்தார். 1857-இல் வெர்னர் சீமென்சு ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு ஓசோன் குழாயை உருவாக்கினார். குழாய்களுக்கிடையே உள்ள ஒடுங்கிய வெளியில் காற்றோ உயிர்வளியோ செல்லும். உயர் அழுத்த மாறுமின்சாரம் கண்ணாடியின் ஊடாக அவ்வெளியில் மெல்லிய மின்னிறக்கத்தை எழுப்பும். உயிர்வளி மூலக்கூறு உடைந்து தனி அணுவாகும். அவ்வணு இன்னொரு மூலக்கூறுடன் சேர்ந்து ஓசோனாகும். கண்ணாடி இடையில் நிற்பதால் மின்பொறி பாய்ந்து கருவி கருகுவதில்லை. இன்று நகரக் குடிநீர் நிலையங்களில் இயங்கும் பெரும்பாலான ஓசோன் உண்டாக்கிகள் இக்கொள்கையின் வழித்தோன்றல்களே. பிரான்சின் நீஸ் நகரம் 1906-இலேயே ஓசோன் கொண்டு குடிநீரைத் தூய்மைப்படுத்தத் தொடங்கிவிட்டது. நம் கடைகளில் விற்கும் புட்டிக் குடிநீரிலும் ஓசோனேற்றம் வழக்கமான படிநிலையாக உள்ளது.

இங்கு வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அடிப்படைக் கொள்கை 1857-இலேயே ஆய்விதழ் வழியாகப் பொதுவெளிக்கு வந்துவிட்டது. ஆகவே அதன்பின் எவரும் 'மின்னிறக்கத்தால் ஓசோன் உண்டாக்குதல்' என்று உரிமை கோர இயலாது. பின்வந்தோர் கோரியவை எல்லாம் மேம்பாடுகள்: மின்வாயின் வடிவம், குளிரூட்டும் முறை, மின்கடத்தாப் பொருள், மின்னழுத்தத்தை எழுப்பும் சுற்று. நிகோலா டெஸ்லா 1896 செப்டம்பரில் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையும் இத்தகையதே. ஓசோன் உண்டாக்கும் கருவிக்குரிய மின்சுற்றின் அமைப்பே அதன் உயிர்நிலை. இம்மேம்பாடுகளை அற்பமெனக் கருதலாகாது. ஈரக்காற்றில் ஓசோன் விளைச்சல் குறையும்; நைட்ரிக் அமிலம் தோன்றிக் கருவியை அரிக்கும். வெப்பம் ஏறினால் உண்டான ஓசோனே சிதையும். கழக்கூட்டம் போன்ற கடலோர ஊரில் இவ்விரு இடர்களும் ஆண்டு முழுதும் உண்டு. குளிர்நாட்டு வடிவமைப்பை இங்கு அப்படியே நட்டுவிட முடியாது. காற்றை உலர்த்துவதும் கருவியைக் குளிர்விப்பதும் நம் நிலத்துக்குரிய உண்மையான புத்தாக்கக் களங்கள்.

ஆயின் இதே ஓசோனின் வரலாற்றில் மற்றொரு முகமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓசோன் நிறைந்த கடற்காற்று நலம் தரும் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. அந்நம்பிக்கையின் தொடர்ச்சியாக வீட்டறைக் காற்றைத் 'தூய்மையாக்கும்' ஓசோன் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் மீண்டும் வந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபற்றித் தெளிவாகக் கூறுகிறது: மனிதருக்குத் தீங்கற்ற அளவுக்குள் நிற்கும் ஓசோனால் அறைக்காற்றின் மாசுகளை நீக்குவது அரிது. பணியிடங்களில் எட்டு மணி நேரத்துக்குரிய வரம்பாகப் பலரும் ஏற்றது பத்து இலட்சத்தில் 0.1 பங்கு மட்டுமே. நுண்ணுயிரைக் கொல்லும் செறிவு நுரையீரலையும் தாக்கும். நீரில் கரைத்து, எஞ்சியதைச் சிதைத்து வெளியேற்றும் நிலையத்தில் ஓசோன் நண்பன். ஆள் அமர்ந்திருக்கும் பூட்டிய அறையில் அவ்வாறன்று. இவ்விரு பயன்பாடுகளுக்கும் உரிய கருவிகள் காப்புரிமை பெற்றிருக்கலாம். காப்புரிமை எண் இவ்வேறுபாட்டைச் சொல்லாது.

ஏன் சொல்லாது? இதற்கு விடை காண நம் சட்டத்தின் வரலாற்றைப் புரட்டவேண்டும். 1856-இன் ஆறாம் சட்டமே இந்தியாவில் கண்டுபிடிப்பாளருக்குத் தனியுரிமை அளித்த முதற்சட்டம். அவ்வாண்டு மார்ச் 3 அன்று கொல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்பவர் அளித்த விண்ணப்பமே முதலாவது. எதற்கென்று எண்ணுகிறீர்கள்? பங்கா இழுக்கும் பொறிக்கு. கூரையில் தொங்கும் விசிறித்துணியைக் கயிற்றால் நாள்முழுதும் இழுத்த கூலியாளின் கையை விடுவிப்பதாக, அல்லது அவர் வேலையைப் பறிப்பதாக, அவ்விண்ணப்பத்தை இருவகையாகவும் வாசிக்கலாம். அறைக்காற்றும் மனிதக் கையும் இந்தியக் காப்புரிமையின் முதல் ஏட்டிலேயே சந்தித்துக்கொண்டன.

1911-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், விடுதலை பெற்ற இந்தியாவில் நீதியரசர் இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கை ஒரு திருப்புமுனை. இந்தியக் காப்புரிமைகளிற் பெரும்பான்மை வெளிநாட்டவரிடம் இருந்ததையும், அவற்றுள் மிகப்பல இந்நாட்டில் செயற்படுத்தப்படாமலே கிடந்ததையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் அடித்தளத்தில் எழுந்ததே 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று உரிமைக்காலம் 20 ஆண்டுகள். ஆய்வாளர் மூன்றை நோக்குகிறார்: புதுமை, துறையறிந்தவர்க்கு வெளிப்படையாகத் தோன்றாத படிநிலை, தொழிலில் பயன்படுத்தக்கூடிய தன்மை. இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவை விலக்கப்படும். ஆனால் கருவியை வாங்கி ஆய்வகத்தில் இயக்கி, நோய் தீர்கிறதா, கைவலி குறைகிறதா என்று எவரும் சோதிப்பதில்லை. அது அலுவலகத்தின் பணியும் அன்று. காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம்: நீ உன் கண்டுபிடிப்பை உலகறிய எழுதிவைக்கிறாய், அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் பிறர் அதைச் செய்வதைத் தடுக்கும் உரிமையைப் பெறுகிறாய். பயன்திறனுக்கான நற்சான்று அவ்வொப்பந்தத்தில் இல்லை.

இனி விசைப்பலகைக்கு வருவோம். ஓசோனில் காப்புரிமை இருந்தும் பயன் ஐயத்துக்குரியதாகலாம் என்று கண்டோம். இங்கோ பயன் இருந்தும் காப்புரிமையால் ஆதாயமில்லாத கதைகள். கிறிஸ்டோபர் ஷோல்சின் 1878-ஆம் ஆண்டுக் காப்புரிமையில் காணும் குவர்ட்டி வரிசை இன்றும் நம் மேசையில் உள்ளது. விரல் நடமாட்டத்தை ஆராய்ந்து ஆகஸ்ட் டுவோராக்கும் வில்லியம் டீலியும் வகுத்த வரிசை 1936-இல் காப்புரிமை பெற்றது. உயிரெழுத்துகளை இடக்கையின் நடுவரிசையில் வைத்து இரு கைகளும் மாறிமாறி இயங்கச் செய்த அவ்வமைப்பு, பழகிய விரல்களையும் பயிற்சிக் கூடங்களையும் வெல்ல முடியவில்லை. டக்ளஸ் எங்கல்பார்ட்டின் சுட்டி 1970 நவம்பரில் காப்புரிமை பெற்றது. உரிமை அவர் பணியாற்றிய நிறுவனத்துடையது, 1987-இல் காலாவதியானது. அதன் பிறகே உலகின் வீடுதோறும் சுட்டி புகுந்தது. கண்டுபிடித்தவருக்கு உரிமத்தொகை ஏதும் கிட்டவில்லை.

தமிழின் கதை இவற்றினும் நமக்கு நெருக்கமானது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தையெனப் போற்றப்படுபவர். 247 எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் விசைகளுக்குள் அடக்குவது எவ்வாறு? அவர் கண்ட தீர்வு நகரா விசை. புள்ளியையும் மேல்விசிறியையும் அடித்தால் உருளை நகராது. அடுத்து அடிக்கும் மெய்யின் தலைமேல் அவை அமரும். அரிய தீர்வுதான். ஆனால் தட்டச்சர் மனத்தில் ஒலிக்கும் வரிசையைத் தலைகீழாக்கி, புள்ளியை முன்னும் மெய்யைப் பின்னும் அடிக்கப் பழகவேண்டியிருந்தது. பொறியின் குறையை மனித விரல் ஈடுசெய்தது.

அண்டை மொழியில் விரலோடு எழுத்தும் வளைந்தது. தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் இசைவாக 1971-இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தி, பல கூட்டெழுத்துகளைப் பிரித்து எழுதச் செய்தது. கணினி வந்தபின் அத்தடை நீங்கியது. பழைய வடிவங்களை மீட்க 1999-இல் திருவனந்தபுரத்தில் ரசனா இயக்கம் எழுந்தது. தமிழிலும் பெரியார் 1935 முதல் குடிஅரசில் கையாண்ட ணை, லை, னை போன்ற வடிவங்கள் 1978-இல் அரசாணையாயின. அச்சின் வசதியும் அதற்கு ஒரு காரணம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக அவ்வாண்டே தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இச்சுமையை இறக்கிவைத்தது. 12 உயிரும் ஆய்தமும் இடக்கையில். 18 மெய்யும் பெரும்பாலும் வலக்கையில். மிகுதியாக வரும் க, ப, ம, த, ந, ய ஆகியன நடுவரிசையில். 'அம்மா' என்று எழுதப் பழைய பொறியில் அ, புள்ளி, ம, ம, துணைக்கால் என ஐந்து தட்டல்கள். தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என நான்கே. இரட்டிக்கும் மெய்யின் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். தொல்காப்பியர் முதல் நாம் அறிந்த உயிர், மெய்ப் பகுப்பு விரல்களின் பணிப் பகுப்பாயிற்று. பணியியல் நோக்கில் இது டுவோராக்கின் கொள்கைக்கு நெருங்கியது. ஆனால் இது எவருடைய தனியுடைமையாகவும் வரவில்லை, பொதுத்தரமாக வந்தது. எந்த மென்பொருளாளரும் கட்டணமின்றிச் சேர்க்கலாம். இன்று கைப்பேசிகளிலும் அது உள்ளது. இருந்தும் நம்மிற் பலர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தே தமிழை எழுதுகிறோம். நல்ல வடிவமைப்பும் கட்டணமின்மையும் மட்டும் பழக்கத்தை வெல்லா என்பதற்கு நம் விரல்களே சாட்சி.

இவற்றிலிருந்து ஆய்வு மாணவர்க்கு நான் முன்வைப்பது ஒரு வாசிப்பு முறை. கழக்கூட்டத்திலோ கோவையிலோ தனியொருவர் பெற்ற காப்புரிமை உங்கள் கையில் வருமாயின், தலைப்பையும் எண்ணையும் கண்டு வியக்கவும் வேண்டா, இகழவும் வேண்டா. முதலில் உரிமைக் கோரல்களைப் படியுங்கள். விவரணம் விரிந்து பேசும், கோரல் மட்டுமே சட்டத்தால் கட்டுப்பட்டது. இரண்டாவதாக, அதற்கு முன் அறியப்பட்டவை எவையென்று தேடுங்கள்; உண்மையான புதுமை எவ்வளவு ஒடுங்கியது என்பது அப்போது தெரியும். மூன்றாவதாக, புதுப்பிப்புக் கட்டணம் எத்தனை ஆண்டு கட்டப்பட்டது எனப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு முதல் கட்டவேண்டிய அத்தொகை கட்டப்படாமல் உரிமை தளர்ந்த இடத்தில், பெரும்பாலும் ஒரு மனிதரின் சேமிப்பு தீர்ந்த கதை மறைந்திருக்கும். நான்காவதாக, 27-ஆம் படிவத்தைக் காணுங்கள். கண்டுபிடிப்பு இந்தியாவில் செயற்படுத்தப்பட்டதா என்று உரிமையாளர் அரசுக்குத் தரும் அறிக்கை அது. ஐயங்கார் அறிக்கை எழுப்பிய வினா அப்படிவத்தில் இன்றும் உயிருடன் உள்ளது. கேரளத்து விண்ணப்பங்களுக்கும் உரிய அலுவலகம் சென்னைக் கிண்டியில் உள்ளது. ஆவணங்களை இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம்.

ஐந்தாவது மூலம் அலுவலகத்தில் கிடைக்காது. நகரா விசையை அடித்து ஓய்வுபெற்ற தட்டச்சர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்த விரல் வலித்தது, எந்த எழுத்து தயங்கியது, கணினி வந்தபோது எதை மறக்கவேண்டியிருந்தது என்பதை அவர்களே அறிவர். டிபென்னிங்கின் பெயர் நமக்குத் தெரியும். பங்கா இழுத்தவர் பெயர் தெரியாது. அந்த இழப்பு தட்டச்சர் விடயத்திலும் நேராதிருக்க, உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ உள்ள ஒரு மூத்த தட்டச்சரிடம் இவ்வாரமே ஒரு மணிநேரம் அமர்ந்து கேட்டு எழுதிவையுங்கள். எழுதியதைப் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் தொகுத்துக்கொள்வோம்.