ரேஷன்ஸ் ஆய்வு

க்ஷயரோகம் எனப்படும் காசநோய் கிருமியினால் உண்டாவது என்பது 1882-இல் ராபர்ட் காக் நிரூபித்த உண்மையே எனினும், கிருமி புகுந்த தேகங்கள் எல்லாவற்றிலும் நோய் தலையெடுப்பதில்லை என்பதும், போஷாக்கின்றி மெலிந்தோரையே அது பெரிதும் பற்றுகிறது என்பதும் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தவை. அந்த அநுபவ ஞானத்துக்குத் திட்டமான பிரமாணம் தேடியது, சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் அநுராக் பார்கவா முதலிய அறிஞர்களுடன் சேர்ந்து, ஜார்க்கண்டின் நான்கு ஜில்லாக்களில் 2019 முதல் 2022 வரை நடத்திய இவ்வாய்வு. நுரையீரல் காசநோயாளர் 2,800 பேருக்கும் மருந்தோடு ஆகாரமும் அளிக்கப்பட்டது. அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த 10,345 பேரில் ஒரு பகுதியாருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கிடைத்தன. விலையுயர்ந்த ஔஷதம் ஏதுமில்லை, ஏழை வீட்டு அடுப்பில் அன்றாடம் வேகும் பண்டங்களே என்பது கவனிக்கத்தக்கது. அப்பகுதியாரிடையே புதிதாகத் தோன்றிய நோய் மற்றோரைவிட 39 சதவீதமும், சோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் வகை 48 சதவீதமும் குறைந்திருந்ததை 2023-இல் லான்செட் பத்திரிகை பிரசுரித்தது. நோயாளரிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண அபாயம் வெகுவாகக் குறைந்திருந்தமையால், சிகிச்சையின் போக்கை அறிய எடைபார்க்கும் எளிய கருவியும் மருத்துவருக்குப் பேருதவியாகிறது.